சுசீந்திரமும் தீக்காவலும்

சென்ற மார்கழித் திருவிழாவின்போது முதுகலைத் தமிழ் மாணவர்கள் சிலரோடு சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்குச் சென்றிருந்தோம். கல்வெட்டுகளைப் படித்துக் காட்டுவது, அலங்கார மண்டபத்து இசைத்தூண்களைக் காட்டுவது, பொழுதிருந்தால் தெப்பக்குளக் கரையில் சற்று அமர்ந்துவிட்டுத் திரும்புவது என்பதே நம் திட்டம். விளக்கேற்றும் நேரத்தில் வெளித் திருச்சுற்றின் நீண்ட நடையில் நின்றுகொண்டு, தூண்தோறும் கைவிளக்கேந்தி நிற்கும் பாவைகளைக் காட்டி, நந்தாவிளக்குக் கொடைகளைப் பற்றி விரிவாகவே பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு முடிந்ததும் மாணவி ஒருத்தி கேட்டாள்: "விளக்கு எரிக்க இத்தனை ஏற்பாடு எழுதி வச்சிருக்காங்களே சார், தீப்பிடிச்சா அணைக்க யாரை வச்சாங்கன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

அப்போது நம்மிடம் விடை இல்லை. இக்கட்டுரையை அம்மாணவிக்குக் காலந்தாழ்த்திச் சொல்லும் விடையாகக் கொள்ளலாம்.

மேலைநாடுகள் சிலவற்றில் ஊர்தோறும் 'ஃபயர் மார்ஷல்' என்றொரு பொறுப்பாளர் உண்டு. நீர் பாய்ச்சித் தீயை அணைப்பது மட்டும் அவர் வேலையன்று. தீ வருமுன் கட்டடங்களைச் சோதிப்பார். குறை கண்டால் திருத்தச் சொல்வார். கேளாதவர்மீது நடவடிக்கை எடுப்பார். எரிந்தபின் சாம்பலைக் கிளறிக் காரணம் தேடுவார். தீக்காவலர் என்று தமிழில் சொல்லலாம். அப்படியொரு பதவி நம் ஊர்களில் இருந்ததா என்பதுதான் கேள்வி.

முதலில், இருந்ததைப் பார்ப்போம். சுசீந்திரம் பிரமதேயமாக விளங்கிய ஊர். சோழர் ஆட்சியில் சுந்தரசோழச் சதுர்வேதிமங்கலம் என்ற பெயரும் பெற்றது. இங்கிருந்த சபையை மூலபருடை என்று கல்வெட்டுகள் குறிக்கின்றன. நிலமும் பொன்னும் ஆடுகளும் இச்சபையின் பொறுப்பில் ஒப்புவிக்கப்பட்டன. தமிழகமெங்கும் நந்தாவிளக்குக் கொடைகள் அமைந்துள்ள முறையை வாசகர்கள் அறிவார்கள். ஒரு விளக்குக்குத் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடுகள். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். மூத்தவை கழிந்தாலும் குட்டிகள் பெருகி மந்தையின் எண்ணிக்கை குறையாது என்பதால் 'சாவா மூவாப் பேராடு' என்றொரு தொடரே வழக்குக்கு வந்தது. நெய்யை எந்த நாழியால் அளப்பது, யார் அளப்பது, அவர் தவறினால் பிணை யார் என்பவையெல்லாம் கல்லில் உண்டு. அறத்தைக் காப்பவரின் அடி தலைமேல் என்று பணிவும், அழிப்பவர் கொள்ளும் பாவம் இன்னதென்று எச்சரிக்கையும் இறுதியில் வரும்.

இவ்வளவும் தீ அணையாமல் இருப்பதற்கான ஏற்பாடு. அணைக்க வேண்டிய தீயைப் பற்றி நாம் படித்த கல்வெட்டுகளில் ஒரு வரியும் இல்லை.

ஊராட்சிக்கு எடுத்துக்காட்டாக எப்போதும் சுட்டப்படும் உத்தரமேரூரின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளையே எடுத்துக்கொள்வோம். சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பஞ்சவார வாரியம், பொன் வாரியம் என்று குழுக்கள் வரிசையாக வருகின்றன. உறுப்பினர்க்கு என்ன வயது, எவ்வளவு நிலம், என்ன கல்வி வேண்டும், யார் தகுதியற்றவர், குடவோலை எப்படி எடுப்பது என்பதெல்லாம் நுணுக்கமாகச் சொல்லப்படுகின்றன. தீ வாரியம் என்று ஒன்று இல்லை. பொன்னின் மாற்றுக் காணத் தனிக்குழு அமைத்த ஊர், கூரைகளின் காவலுக்கு ஒருவரையும் அமர்த்தவில்லை. ஊரைக் காக்கப் பாடிகாவல் இருந்தது. அதற்கு வரியும் இருந்தது. அது கள்வரிடமிருந்து காக்கும் காவல். மதுரைக்காஞ்சியில் நள்ளிரவில் தெருக்களைச் சுற்றிவரும் காவலர் எத்தனை விழிப்புடையவர்கள்! ஆனால் அவர்கள் கண் தேடுவது நூலேணியோடு வரும் கள்வரைத்தான்.

இலக்கியத்திலும் இதே நிலை என்பது நமக்குச் சற்று வியப்பாகவே இருந்தது. பகைவர் நாட்டைத் தீக்கிரையாக்குவதற்குப் புறத்திணையில் 'எரிபரந்தெடுத்தல்' என்ற துறை உண்டு. எரியும் ஊர்களின் ஒளியை வென்றவன் பெருமையாகப் புலவர்கள் பாடினார்கள். பற்றிய தீயை அணைத்தவனுக்குத் துறை வகுக்கப்படவில்லை. மதில் காப்பவனுக்கு நொச்சி சூட்டிய மரபு, கூரை காத்தவனுக்கு ஒரு பூவும் தரவில்லை. மதுரையை எரித்த கதையை நாம் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறோம். வஞ்சினமாலையில் யாரைச் சுட வேண்டும், யாரை விட வேண்டும் என்று அங்கிக் கடவுளுக்குக் கண்ணகி வரையறை தருகிறாள். பூதங்கள் நகரை விட்டு நீங்குகின்றன. குடத்தில் நீர் மொண்டு ஓடிய ஒருவரையேனும் இளங்கோ நமக்குக் காட்டவில்லை. தெய்வத் தீயை மனிதர் அணைப்பது காப்பியத்துக்குப் பொருந்தாது என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டாலும் அந்த வெறுமை உறுத்துகிறது.

விதிவிலக்காக வள்ளுவர் நிற்கிறார். குற்றம் வருமுன்பே காத்துக்கொள்ளாதவன் வாழ்க்கைக்கு, நெருப்பின் முன்னே கிடக்கும் வைத்தூறை உவமையாக்குகிறார். வைத்தூறு என்பது வைக்கோற்போர். நாஞ்சில் நாட்டில் படப்பு என்பார்கள். இவ்வுவமையை நாஞ்சில் நாட்டு மாணவருக்கு நாம் விளக்கியதே இல்லை; விளக்கத் தேவையிருந்ததில்லை.

வடமொழியில் நிலைமை வேறு. அர்த்தசாத்திரம் நகரத்தை மேற்பார்க்கும் நாகரிகன் என்னும் அதிகாரியின் கடமைகளுள் தீக்காவலை விரிவாகப் பேசுகிறது. கோடையில் பகலின் நடுப்பொழுதுகளில் வீட்டுக்குள் அடுப்பு மூட்டக்கூடாது. சமைப்பதானால் வெளியே சமைக்க வேண்டும். வீடுதோறும் நீர்க்குடங்கள், ஏணி, கோடரி, முறம், கூரையை இழுக்கும் கொக்கி, தோற்பை ஆகியவை இருக்க வேண்டும். நெருப்பில் தொழில் செய்வோர் ஓரிடத்தில் சேர்ந்து வாழ வேண்டும். தெருக்களிலும் நாற்சந்திகளிலும் நீர் நிரப்பிய கலங்கள் ஆயிரக்கணக்கில் வரிசையாக நிற்க வேண்டும். தீப்பிடித்த வீட்டுக்கு உதவ ஓடாத வீட்டுக்காரனுக்குப் பன்னிரண்டு பணம் தண்டம். அவ்வீட்டில் குடியிருப்பவனுக்கு ஆறு. சொத்துள்ளவனுக்கு இருமடங்கு பொறுப்பு என்ற இந்தக் கணக்கு நம்மை வெகுவாகக் கவர்ந்தது. எழுதியபடியெல்லாம் நடந்ததா என்பது வேறு. ஆனால் ஒரு பெயருள்ள அதிகாரியின் தலையில் அக்கடமை வைக்கப்பட்டிருக்கிறது. உரோமைப் பேரரசர் அகஸ்டஸ் பொ.ஆ. 6இல் ஏழு அணிகள் கொண்ட இரவுக் காவற்படையை நிறுவி, அதற்கொரு தலைவனையும் அமர்த்தினார். தீயைத் தேடித் தெருத்தெருவாக நடப்பது அப்படையின் முதல் வேலை.

தமிழ்நாட்டில் ஏன் இல்லை? ஏரிக்கும் தோட்டத்துக்கும் நாள்தோறும் வேலை உண்டு, பங்கு பிரிக்க வேண்டும், வழக்கு வரும். ஆகவே குழு வேண்டியிருந்தது. தீ எப்போதோ வருவது. வரும்போது ஊரே ஓடிவரும். எல்லோர் கடமையாகவும் இருந்ததனால் அது யார் பெயரிலும் எழுதப்படவில்லை என்பது நம் கருத்து. இன்னொன்றும் தோன்றுகிறது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றிக் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டில் மகேந்திரவர்மர் பெருமிதம் கொண்டார். கல்லுக்கு மாறியதில் தீயைப் பற்றிய அச்சத்துக்கும் சிறு பங்கு இருந்திருக்கலாம். இது ஊகம்தான், சான்று கேட்டால் நம்மிடம் இல்லை.

சுசீந்திரத்துக்கும் தீக்கும் உள்ள உறவு விளக்கோடு முடிவதன்று. இவ்வூரின் கைமுக்கு மலையாள நாடெங்கும் அறியப்பட்டிருந்தது. ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி இங்கு வந்து, கொதிக்கும் நெய்யில் கையை விட்டு உள்ளே கிடக்கும் சிறு உருவை எடுக்க வேண்டும். கையைத் துணியால் கட்டி முத்திரையிட்டு, சில நாள் கழித்துப் பிரித்துப் பார்ப்பார்கள். புண்ணில்லையேல் குற்றமில்லை. 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாள் இவ்வழக்கத்தை நிறுத்தினார். விளக்கில் ஒளியாகவும் நெய்ச்சட்டியில் நீதிபதியாகவும் இருந்த நெருப்பு இவ்வூரில் பகையாகவும் வந்திருக்கிறது. 1740ஐ ஒட்டிச் சந்தா சாகிபின் படை நாஞ்சில் நாட்டுக்குள் புகுந்தபோது சுசீந்திரம் கோயில் கொள்ளையிடப்பட்டதையும், வேலைப்பாடு மிக்க பெருந்தேர் எரிக்கப்பட்டதையும் திருவிதாங்கூர் வரலாறு எழுதியோர் குறித்துள்ளனர். கொள்ளை போனதைவிட அத்தேர் எரிந்ததுதான் நம் மனத்தில் நிற்கிறது. பொன்னை மீண்டும் சேர்க்கலாம். எரிந்த தேரின் மரச்சிற்பங்களில் என்னென்ன இருந்தன என்று இன்று யாரும் சொல்ல முடியாது.

திருவிதாங்கூர் அரசின் தலைமைக் கோயிலும் தப்பவில்லை. திருவனந்தபுரம் பத்மநாபசாமி கோயில் 1686இல் பெருந்தீக்கு இரையாயிற்று. அது முழுமையாகப் புத்துருப் பெற மார்த்தாண்டவர்மரின் காலம் வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு, காத்திருக்க வேண்டியிருந்தது. அக்கோயிலின் பழைய மூலத்திருமேனி இலுப்பை மரத்தால் ஆனது என்பதும், இன்றுள்ளது பன்னீராயிரம் சாளக்கிராமங்கள் கொண்டு கடுசர்க்கரை முறையில் அமைக்கப்பட்டது என்பதும் கருதத்தக்கவை.

ஊரே ஓடிவரும் என்று மேலே எழுதினோம். எப்படி ஓடிவந்தது என்பதைப் பழையாற்றுக் கரைச் சிற்றூர் ஒன்றின் கோயிலில் நெடுங்காலம் விளக்குப் பணி செய்து ஓய்ந்த முதியவர் ஒருவர் நமக்குச் சொன்னார். நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என இரண்டு அறுவடை. கும்பப்பூ முடிந்ததும் படப்புகள் உயரும்; வெயிலும் உயரும். ஒரு பொறி போதும்.

"தீ புடிச்ச வீட்ட யாரு பாப்பா சாரே? அது போனது போனதுதான். பக்கத்து வீட்டுக் கூரையத்தான் மொதல்ல பிரிச்சு எறியணும். அவன் அழுவான், விடமாட்டான். ரெண்டு பேரு அவனப் புடிச்சுக்கிடணும், நாலு பேரு ஏறணும்."

படப்பில் தீயென்றால் தண்ணீரை மேலே ஊற்றுவதில் பயனில்லை என்றும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும் என்றும், பிரித்துப் பரப்பித்தான் நனைக்க வேண்டும் என்றும் சொன்னார். ஈரச்சாக்கு, மணல், வாழைமட்டை, வரிசையாகக் கைமாறும் குடங்கள். யார் கூரையில் ஏறுவது, யார் குளத்தில் நின்று மொண்டு தருவது என்பது அவரவர்க்குத் தெரியுமாம். அப்படியானால் கட்டளையிடுபவர் யார் என்று கேட்டோம். சிறிது யோசித்துவிட்டு, "சத்தம் கூடினவன்" என்றார்.

அர்த்தசாத்திரத்தின் கொக்கியும் ஏணியும் இந்த முதியவர் பேச்சில் அப்படியே இருந்தன. பதவியின் பெயர்தான் இல்லை.

பதவி ஆங்கிலேயர் காலத்தில் வந்தது. சென்னையில் 1908இல் தீயணைப்புப் படை அமைந்தது. குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1இல் தாய்த்தமிழகத்தோடு இணைந்து, சென்னை மாநிலத் துறைகளின் கீழ் வந்தது. தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டம் 1985ஆம் ஆண்டினது. இன்று தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் நிலைய அலுவலரே நம் ஊர்களில் தீக்காவலருக்கு மிக அருகில் வருபவர். அழைப்பு வந்தால் ஓடுவதோடு அவர் பணி தீர்வதில்லை. பட்டாசுக் கடைக்கும் திரையரங்குக்கும் உயர்ந்த கட்டடத்துக்கும் தடையின்மைச் சான்று தருமுன் பார்வையிட வேண்டும். பள்ளிகளில் செயல்முறை விளக்கம் நடத்த வேண்டும். தேர்த் திருவிழாவுக்கு வண்டியோடு வந்து நிற்க வேண்டும். கிணற்றில் விழுந்த மாட்டையும், வீட்டுக்குள் புகுந்த பாம்பையும் அவரே எடுக்க வேண்டும்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14ஆம் நாளைத் தீத்தொண்டு நாளாக இத்துறையினர் கடைப்பிடிக்கிறார்கள். 1944இல் அந்நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய கப்பல் வெடித்தபோது, தீயை அணைக்கப் போன வீரர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நமக்கோ அன்று சித்திரைப் பிறப்பு. குமரி மாவட்டத்தில் கனி காணும் நேரம். செய்தித்தாளின் உள்பக்கத்தில் மலர்வளையப் படம் ஒன்று வரும். நாம் எத்தனை ஆண்டுகள் அதைப் புரட்டிக்கொண்டு போயிருப்போம் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பிற்காலத் தீ விபத்துகளைப் பார்த்தால் முதியவர் சொன்ன கூரையே திரும்பத் திரும்ப வருகிறது. தஞ்சைப் பெரியகோயில் குடமுழுக்கின்போது, 1997 ஜூன் 7இல், வேள்விச்சாலைப் பந்தல் பற்றி எரிந்து 48 பேர் மாண்டனர். ஆயிரம் ஆண்டு நின்ற கற்றளிக்கு ஒன்றும் நேரவில்லை. சில நாளுக்கென்று போட்ட கீற்றுப் பந்தல் உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2004 சனவரியில் திருவரங்கத்துத் திருமண மண்டபம் ஒன்று. அதே ஆண்டு ஜூலை 16இல் கும்பகோணத்துப் பள்ளி, 94 குழந்தைகள். இதைப் பற்றி மேலும் எழுத நம்மால் இயலவில்லை.

கல் என்றால் தீக்கு அஞ்ச வேண்டாம் என்ற எண்ணமும் 2018 பிப்ரவரி 2ஆம் நாளோடு போயிற்று. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில், கீழைக் கோபுரத்தை அடுத்த கடைகளில் பற்றிய தீயால் வீரவசந்தராயர் மண்டபத்தின் பெரும்பகுதி சிதைந்தது. கருங்கல் எரியாது, ஆனால் வெடிக்கும். அதிலுள்ள கனிமங்கள் வெப்பத்தில் வெவ்வேறு அளவில் விரிவதால் உள்ளே விரிசல் ஓடும். சூடேறிய கல்லின்மேல் குளிர்ந்த நீர் பாய்ந்தால் விரிசல் பெருகும். அணைக்க ஊற்றும் நீரே கல்லுக்குக் கேடாவதைப் படைவீரர் மட்டும் அறிந்தால் போதாது. கோயிலைச் சேர்ந்த ஒருவரும் அறிந்திருக்க வேண்டும். சுசீந்திரத்து இசைத்தூண்களின் தொகுதி ஒவ்வொன்றும் ஒரே கல்லில் செதுக்கியது. தட்டினால் ஒலிக்கும் அந்தக் கல்லுக்குள் மயிரிழை விரிசல் ஒன்று ஓடினாலும் சுரம் திரும்பாது. கோபுரத்தின் உட்சுவர்களில் உள்ள ஓவியங்களுக்குத் தீயும் வேண்டாம், புகை போதும்.

2021 ஜூன் 2ஆம் நாள் காலையில் மண்டைக்காடு பகவதியம்மன் கோயிலின் கருவறை மேற்கூரை பற்றி எரிந்தது. தீயணைப்பு வீரர்கள் வந்து அணைத்தார்கள். அக்கோயில், சுசீந்திரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட குமரி மாவட்டத் திருக்கோயில்கள் நிர்வாகத்தின் கீழ் உள்ளது. அந்நிர்வாகத்தின்கீழ் உள்ள கோயில்கள் பல நூறு. அவற்றுள் பெரும்பாலானவை மரக்கூரையும் ஓடும் கொண்ட சிறு கோயில்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பழமரம். ஒருவேளைப் பூசை முடிந்து கதவைப் பூட்டிவிட்டால் மறுநாள் காலைதான் திறப்பார்கள்.

இத்தகைய இடத்தில் தீக்காவலர் என்ன செய்ய வேண்டும் என்று மாணவர்களோடு சுசீந்திரத்து மாடவீதிகளைச் சுற்றியபடி யோசித்தோம். சிவப்பு வண்டி ஒன்று பெரும்பாலும் சுமந்துவரும் நீர் நான்காயிரத்து ஐந்நூறு லிட்டர் அளவு. முழு வேகத்தில் பாய்ச்சினால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதன்பின் தெப்பக்குளம்தான் துணை. குளத்தில் எந்தப் படித்துறை வரை வண்டி போகும், கோடையில் நீர் எவ்வளவு நிற்கும் என்று ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று தேர்களும் ஓடும் நாளில் தெருவை அடைத்துக் கடைகள் நிற்கையில் நாகர்கோவிலிலிருந்து வரும் வண்டிக்கு எந்த வழி? மின்கம்பி இழுத்த இடம், சூடம் கொளுத்தும் இடம், பட்டும் திரைச்சீலையும் தொங்கும் இடம் மூன்றும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தொலைவு? சாவி யாரிடம், அவர் வீடு எங்கே? இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் தேவையில்லை. ஒருவர் நாள்தோறும் சுற்றிவர வேண்டும், அவ்வளவே. உழக்கு நெய்க்குப் பிணை கேட்டு எழுதிவைத்த ஊருக்கு இது புதிய வேலையன்று.

பிறரைச் சொல்வானேன்? நாம் அறிந்த நூலகம் ஒன்றில், பழைய இதழ்கள் அடுக்கிய அறையின் வாயிலில் சிவப்பு உருளை ஒன்று தொங்குகிறது. சுசீந்திரத்திலிருந்து திரும்பிய வாரம் அதன் சீட்டைப் படித்துப் பார்த்தோம். மீண்டும் நிரப்ப வேண்டிய நாள் கடந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. பொறுப்பு யாருடையது என்று கேட்டால் நான்கு பேர் நால்வரைக் காட்டினார்கள். இறுதியாகக் காட்டப்பட்டவர் நாம்தான். அவ்வறையின் சாவி ஓராண்டு நம்மிடம் இருந்ததாம்.

முதியவரிடம் விடைபெறும்போது, பூட்டுமுன் நாள்தோறும் என்ன செய்வார் என்று கேட்டோம். கருவறைத் தூங்காவிளக்கு ஒன்றைத் தவிர மற்ற விளக்குகளை அணைத்து, திரிகளை எடுத்து மணற்சட்டியில் புதைப்பாராம். கீழே சிந்திய எண்ணெயைச் சாம்பல் போட்டுத் துடைப்பாராம். எலி திரியை இழுத்துக்கொண்டு போகும் என்பதால் உத்தரத்தின் மேலும் ஒருமுறை கைவிளக்கால் பார்ப்பாராம். பின் வெளியே வந்து, ஓட்டின் இடுக்கில் எங்கேனும் வெளிச்சம் தெரிகிறதா என்று கோயிலை ஒருமுறை இருட்டில் சுற்றுவாராம். இதையெல்லாம் செய்யச் சொன்னது யார் என்றோம்.

"எங்கப்பா செய்வாரு" என்றார்.